மெரிடியன் பாரில் கேட்ட கேள்வி

கிறிஸ்துராஜா தன் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கொடுக்கும்போது அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. கொடுத்த பிறகுதான் சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி அது ஊரத் தொடங்கியது.

விஷயம் இதுதான். மகள் துசியந்தி மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்து, லண்டன் கோலியர்ஸ் வுட் வீட்டுக் குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அப்பா, நான் ஒரு ஆளை விரும்பிறன். பேர் லக்‌ஷன். மெரிடியன் தியேட்டரோடை ஒரு கொக்ரெயில் பார் இருக்கெல்லே, அதை அவன்தான் நடத்திறான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடியச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன். நீங்கள் என்னவும் கேளுங்கோ. வேலையைக் கேளுங்கோ, வீட்டைக் கேளுங்கோ, குடிக்கிறவனோ எண்டும் கேளுங்கோ. அதை மட்டும் கேக்கக்கூடாது."

"எதை?" என்றார் கிறிஸ்துராஜா, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல.

துசியந்தி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

'அவை ஆர் ஆக்கள்?' என்பதுதான் அந்தக் கேள்வி. வெளியாள் யாராவது கேட்டால் பேரைத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைப்பான். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், கேட்பது பேரையல்ல, சாதியை. கிறிஸ்துராஜா கோயில் பங்குச் சபையில் இருப்பவர். ஞாயிறு பூசையில் மைக்குக்கு முன்னால் நின்று வாசகம் வாசிப்பவர். ஆண்டவர் முன்னிலையில் எல்லாரும் ஒன்று என்று வாசிக்கும்போது அதை மனதார நம்பியும் இருந்தார். ஆனால் கலியாணம் என்ற பேச்சு வந்ததும் அந்தக் கேள்வி தும்மல் மாதிரி தானாகவே வந்துவிடும். அடக்கிப் பார்த்தால் மூக்கு நமைக்கும்.

மகன் டெனுசன் விரும்பிய பெண்ணின் வீட்டுக்குப் போனபோதும் அப்படித்தான் வந்துவிட்டது. தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, பெண்ணின் தகப்பனைப் பார்த்துச் சிரித்தபடியே கேட்டுவிட்டார். அந்த மனிதர் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது டெனுசன் வீட்டை விட்டுப் போய் லீட்ஸில் இருக்கிறான். வீட்டுக்குப் போன் பண்ணுவான். கிறிஸ்துராஜா எடுத்தால், "அம்மா நிக்கிறாவோ?" என்ற ஒரு வசனம்தான் பேசுவான். தகப்பனுக்கென்று மகன் மிச்சம் வைத்திருந்தது அந்த ஒரு வசனம்.

இப்போது மகளும் அதே விளிம்பில் நிற்கிறாள் என்பது அவருக்கு விளங்கியது. இவளும் போனால் வீட்டில் றோஸ்மலரும் அவரும் தொலைக்காட்சியும்தான்.

"கேக்கமாட்டன் பிள்ளை," என்றார்.

"சத்தியமா?"

"மடு மாதா ஆணை. அந்தப் பொடியனிட்டைக் கேக்கமாட்டன்."

துசியந்தி வந்து அவர் தலைமயிரைக் கலைத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றப் போனாள். அவள் போனபின்தான் தான் சொன்னதைக் கிறிஸ்துராஜா திருப்பிப் பார்த்தார். அந்தப் பொடியனிடம் கேட்கமாட்டேன் என்றுதானே சொன்னோம்? வேறு யாரிடமும் கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே? கள்ளமனதுக்கு வழி கண்டுபிடிக்க நேரம் எடுக்குமா என்ன!

அதோடு எங்கள் ஆட்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. மாப்பிள்ளைப் பொடியனைச் சாப்பாட்டு மேசையில் இருத்துவதற்கு முன்னால், அவனுக்குத் தெரியாமல் எங்கேயாவது வைத்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பக்கத்தில் இருப்பவர்களிடம் குணநடை விசாரிக்க வேண்டும். பஸ் தரிப்பிடத்தில் பார்ப்பார்கள், கோயில் திருவிழாவில் பார்ப்பார்கள், வேலை செய்யும் இடத்துக்கே போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வருவார்கள். இது தப்பென்று யாரும் நினைப்பதில்லை. றோஸ்மலரே சொன்னாள்.

"ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோவன். தியேட்டர் எண்டுறாள், பார் எண்டுறாள். எனக்கெண்டால் ஒண்டும் பிடிபடேல்லை."

வியாழக்கிழமை மத்தியானம் கிறிஸ்துராஜா பஸ் ஏறினார். துசியந்தி போனில் காட்டிய ஒரு படம்தான் கையிருப்பு. சுவிஸில் யாரோ ஒருவருடைய கலியாணவீட்டில் எடுத்தது. லக்‌ஷன் அங்கே வளர்ந்து, பிறகு லண்டனுக்கு வந்தவனாம். படத்தில் பெரிய தாடியொன்று தெரிந்தது. தாடிக்குப் பின்னால் ஒரு பொடியனும் இருந்தான்.

மெரிடியன் தியேட்டர் நோர்பரிக்கு அங்கால், கோழிப்பொரியல் கடைக்கும் தலைமயிர் வெட்டும் கடைக்கும் நடுவில் ஒடுங்கிப்போய் நின்றது. மேலே பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோபுரம். பழைய கட்டடம், இடிக்கக்கூடாது என்று கவுன்சில் அடித்த வட்டத் தகடு ஒன்று சுவரில் இருந்தது. உள்ளே போனால் ரிக்கற் கூட்டுக்குள் துசியந்தி வயதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்.

"படத்துக்கா, பாருக்கா?" என்று அவள் கேட்டாள்.

தவக்காலம். பகல் இரண்டு மணி. மகள் வயதுப் பெண்ணிடம் பாருக்கு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "படத்துக்கு," என்றார். அவள் என்ன படம் என்று சொன்னாள். அவர் காதில் விழுத்தவில்லை. ஓய்வூதியக்காரருக்கான ரிக்கற் ஒன்றைக் கையில் தந்து, படம் தொடங்க இன்னும் நேரம் இருக்கிறது, அதுவரை பாரில் இருக்கலாம் என்று அவளே கையைக் காட்டினாள். அப்படியானால் முதலிலேயே பாருக்கு என்று சொல்லியிருக்கலாமே!

பாருக்குள் வெளிச்சம் குறைவு. பூசைக்கு முந்திய கோயில் மாதிரி ஆட்கள் மெல்லக் குசுகுசுத்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் பழைய படமோட்டும் இயந்திரம் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு பலகை. அதில் 'இன்டர்மிஷன்', 'செகண்ட் றீல்', 'பல்கனி', 'லாஸ்ட் ஷோ' என்று வரிசையாக எழுதியிருந்தது. ஓடுகிற படங்களின் பேராக்கும் என்று நினைத்து, தன்னுடைய படம் எது என்று ரிக்கற்றை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. அவை குடிவகைகளின் பேர் என்று தெரிந்தபோது, பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி 'லாஸ்ட் ஷோ'வை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

குடிவகை ஊற்றும் மேசைக்கு அப்பால் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவனுக்குத் தாடி. இவன்தான், சந்தேகமேயில்லை. கிறிஸ்துராஜா ஒரு தூணோடு ஒதுங்கி நின்று பார்த்தார். தாடிக்காரன் குடிவகையைக் குலுக்கிக் கிளாசில் ஊற்றினான். பிறகு மெல்லிய குழாயொன்றை அதற்குள் விட்டு, மேல் ஓட்டையை விரலால் பொத்தித் தூக்கி, வாயில் வைத்து உறிஞ்சினான். உறிஞ்சிவிட்டு அந்தக் கிளாசையே ஆளிடம் நீட்டினான்! அடுத்த கிளாசிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும் அதே கதை. வாங்குகிறவர்களும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

கிறிஸ்துராஜா எண்ணிப் பார்த்தார். ஆட்களுடைய கிளாசிலேயே வாய் வைக்கிறான். ஒன்றிரண்டு அல்ல, செய்கிற எல்லாவற்றிலும். பின்னேரமாகும்போது இவன் எப்படி நிற்பான்? இவனையா என் பிள்ளை கட்டப்போகிறாள்?

மற்றவன் தாடி மீசை ஒன்றுமில்லாமல் மழுங்க வழித்த முகத்தோடு நின்றான். தாடையும் கன்னமும் கொஞ்சம் வெளிறிப்போய், காய்ச்சல் விட்டு எழும்பிய பிள்ளை மாதிரி இருந்தான். கழுத்தில் சின்னக் குருசு. கிறிஸ்துராஜா தூணை விட்டு வெளியே வந்ததும் அவன் அவரைக் கண்டான். கண்டதும் கையில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே போனது.

"வணக்கம் அங்கிள். இருங்கோ, இருங்கோ," என்று துடைத்த இடத்தையே இன்னொருமுறை துடைத்தான்.

"தம்பி தமிழோ? நல்லதாப் போச்சு," என்று உயரமான கதிரையில் ஏறிக் குந்தினார் கிறிஸ்துராஜா. "எனக்கு இஞ்சை ஒரு மண்ணும் விளங்கேல்லை. தவக்காலம், குடிக்கவும் ஏலாது. ஒரு தேத்தண்ணி கிடைக்குமோ?"

"தேத்தண்ணி இல்லை அங்கிள். வெறி இல்லாத ஒண்டு நான் செய்து தாறன்."

தேசிக்காயும் இஞ்சியும் என்னென்னவோ இலையும் போட்டு, அந்தப் பொடியன் மிகுந்த கவனத்தோடு செய்தான். அவனும் ஒரு குழாயை எடுத்துக் கிளாசுக்குள் விடப்போனான். கிறிஸ்துராஜா முறைப்பதைக் கண்டதும் குழாயை அப்படியே திரும்ப வைத்துவிட்டான். இவனுக்காவது மரியாதை தெரிந்திருக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டார். ருசி பார்க்காமல் தந்த சாமான், வாயில் வைத்ததும் புளி கண்ணை மூட வைத்தது. ஆனாலும், "அருமை," என்றார்.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"இஞ்சை லக்‌ஷன் எண்டு ஒரு பொடியன் வேலை செய்யிறார் என்ன?"

பொடியன் முகம் காதுவரைக்கும் சிவந்தது. "ஓம் அங்கிள்," என்று மெல்லச் சிரித்தான்.

"ஆள் எப்பிடி?"

"எப்பிடியெண்டால்…"

"பயப்பிடாமல் சொல்லும் தம்பி. வெளியிலை போகாது."

"பிழையில்லாத ஆள் எண்டுதான் நான் நினைக்கிறன்."

நினைக்கிறானாம்! நல்ல பொடியனென்றால் நல்ல பொடியன் என்று சொல்லவேண்டியதுதானே. எதையோ மறைக்கிறான் என்று கிறிஸ்துராஜாவுக்குப் பட்டது. "எவ்வளவு காலமாத் தெரியும் ஆளை?"

"பிறந்த நாளிலை இருந்து அங்கிள்." இதைச் சொல்லிவிட்டு அவன் மறுபடி சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒன்றாக வளர்ந்தவர்களாக்கும்.

"அப்ப சொந்தமோ?"

"கிட்டின சொந்தம்."

"குடிப்பாரோ?"

"வேலைக்காக ருசி பாக்கிறது மட்டும்தான்."

"பாத்தனான், பாத்தனான்," என்று தாடிக்காரனை ஒரு முறை முறைத்தார். பொடியனும் திரும்பி அந்தப் பக்கம் பார்த்தான். தாடிக்காரன் இருவருக்கும் கையைக் காட்டினான். மூன்று பேருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"துசியந்தி எண்டு ஒரு பிள்ளையோடை பழகிறாராம். அது என்ன மாதிரி? உண்மையோ, இல்லாட்டி நேரம் போக்கோ?"

இந்தக் கேள்விக்குப் பொடியன் சிரிக்கவில்லை. கையில் இருந்த துணியை மடித்து வைத்தான். "அதிலை ஒரு பொய்யும் இல்லை அங்கிள். அந்தப் பிள்ளை இல்லாட்டி அவனுக்கு லண்டனிலை ஒண்டும் இல்லை," என்றான். கண் கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது.

கிறிஸ்துராஜாவுக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் வந்தது. சொந்தக்காரனுக்காக இப்படி உருகுகிற பொடியனை இந்தக் காலத்தில் எங்கே காணலாம்? கடவுளே, தாடிக்காரனை விட்டுவிட்டு இவனையல்லவா என் பிள்ளை விரும்பியிருக்க வேண்டும் என்று ஏங்கினார். அவருக்கு மனம் இளகிப்போனது. மனம் இளகினால் நாக்கும் இளகும். மேசையில் முழங்கையை ஊன்றி, நெடுநாள் பழகியவனிடம் பேசுவதுபோல முன்னுக்குச் சாய்ந்தார். கேட்க வேண்டுமென்று நினைத்துக் கேட்டாரா, தானாக வந்ததா என்று அவருக்கே தெரியாது.

"அது சரி தம்பி… அவை ஆர் ஆக்கள்?"

பொடியன் முகத்தில் சிரிப்பு உடனே போய்விடவில்லை. வாயில் கொஞ்சநேரம் இருந்தது. கண்ணில்தான் முதலில் இல்லாமல் போனது.

"அங்கிள், இதையும் பகிடிக்குத்தான் கேக்கிறியளோ?"

"பகிடியோ? நான் ஏன் பகிடி விடுறன்?"

"நான் ஆர் எண்டு தெரிஞ்சுகொண்டுதானே இவ்வளவு நேரமும் கேட்டனீங்கள்? என்னைப் பாத்துக்கொண்டே என்னைப் பற்றி விசாரிச்சனீங்கள். பெரிய ஆக்களின்ரை ஒரு முறையாக்கும் எண்டு நினைச்சு நானும் அப்பிடியே மறுமொழி சொன்னன்."

கிறிஸ்துராஜா திருதிருவென்று விழித்தார். "உம்மைப் பற்றியோ? நான் லக்‌ஷனைப் பற்றியெல்லோ கேட்டனான்!"

"நான்தான் அங்கிள் லக்‌ஷன்."

"அப்ப… அங்காலை தாடியோடை?"

"அது கிரண். குஜராத்திப் பொடியன்."

"படத்திலை தாடி இருந்ததே!"

"ஞாயிற்றுக்கிழமை உங்கடை வீட்டை வரவேணும் எண்டு நேற்றுத்தான் வழிச்சனான்," என்று லக்‌ஷன் வெளிறிய தாடையைத் தடவிக்கொண்டான். "துசி உங்கடை படங்களைக் காட்டியிருக்கிறாள். நீங்கள் தூணடியிலை இருந்து வெளியிலை வரேக்கையே எனக்குத் தெரியும்."

கிறிஸ்துராஜாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பொடியனிடம் கேட்கமாட்டேன் என்று மாதா மேல் ஆணையிட்டவர், பஸ் ஏறி வந்து, ரிக்கற்றும் வாங்கி, அந்தப் பொடியனிடமே கேட்டிருக்கிறார்! உலகத்தில் எத்தனை பேர் இருக்க, கேட்கக்கூடாத ஒரே ஒருவனிடம்!

லக்‌ஷன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவரும் பதிலுக்குக் கத்திவிட்டுப் போயிருப்பார். அவன் மெதுவாகக் கேட்டான்.

"நான் என்ன மறுமொழி சொன்னால் அங்கிள், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கதவு திறப்பியள்?"

கிறிஸ்துராஜா மிச்சப் புளியை ஒரே மூச்சில் குடித்தார். அப்போது பார்த்து எங்கேயோ மணி அடித்தது. கோயில் பழக்கம், எழுவதற்குக் கால் தானாகவே தரையைத் தேடியது. அது படம் தொடங்கப்போகிற மணி. இருந்தவர்கள் கிளாசுகளைத் தூக்கிக்கொண்டு ஒரு கதவை நோக்கி நடந்தார்கள். கிறிஸ்துராஜாவும் எழுந்து அந்தக் கூட்டத்தோடு உள்ளே போய்விட்டார்.

என்ன படம் பார்த்தார் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. கறுப்பு வெள்ளைப் படம். மீசை வைத்த ஒரு மனிதன் ஒரு பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டான். பிறகு அதே மனிதனோ, அதே மீசை வைத்த வேறொருவனோ, இன்னொரு பெண்ணிடம் கோபித்தான். யார் யாருக்குப் புருஷன், யார் யாருக்கு அண்ணன் என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆட்கள் சிரித்தபோது அவர் பேசாமல் இருந்தார். ஆட்கள் பேசாமல் இருந்தபோது பெருமூச்சு விட்டார். பக்கத்து இருக்கைக் கிழவி அவருக்கு ஒரு கைதுடைக்கும் தாளை நீட்டினாள். படத்துக்காக அழுகிறார் என்று நினைத்தாள்போல.

வெளியே வந்தபோது லக்‌ஷன் மேசையைச் சுற்றிக்கொண்டு அவரிடம் வந்தான். "ஞாயிற்றுக்கிழமை வாறன் அங்கிள்," என்றான். அது கேள்வியா, முடிவா, எச்சரிக்கையா, மன்னிப்பா? கிறிஸ்துராஜா தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்பது அவருக்கே நிச்சயமில்லை. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதை தம்பி என்று கெஞ்ச வந்தது. வெட்கம் விடவில்லை.

வீட்டில் றோஸ்மலர் காத்துக்கொண்டிருந்தாள். "பொடியன் எப்பிடி?"

"நல்ல பொடியன்."

"குடிக்கிறவனோ?"

"இல்லை. ருசி பாப்பானாம்."

"என்னது?"

"ஒண்டுமில்லை. புளியாச் செய்து தந்தவன், குடிச்சனான்," என்று மேலே போய்ப் படுத்துக்கொண்டார். றோஸ்மலருக்குத் தலைகால் புரியவில்லை. புரியவேண்டியவருக்கே புரியாதபோது அவள் என்ன செய்வாள்!

அன்றிரவு துசியந்தி வெடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு உடுப்பு அயர்ன் பண்ணினாள். வெள்ளிக்கிழமை வெடிப்பாள் என்று பார்த்தார். அவருக்கு ஒரு புதுச் சேட் வாங்கிக்கொண்டு வந்து அளவு பார்த்தாள். தெரிந்துகொண்டுதான் இப்படி நடிக்கிறாளா? தெரியாமல் இருக்கிறாளா? பொடியன் சொல்லவில்லையென்றால் ஏன் சொல்லவில்லை? சொல்லாமல் வைத்திருந்து மேசையில் எல்லாருக்கும் முன்னால் போட்டுடைக்கப் போகிறானா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது அவருக்கு.

எல்லாவற்றையும்விட அவரை வதைத்தது பொடியன் கேட்ட அந்தக் கேள்விதான். என்ன மறுமொழி சொன்னால் கதவு திறப்பீர்கள்? படுத்திருந்து ஒவ்வொரு மறுமொழியாக நினைத்துப் பார்த்தார். இன்ன ஆக்கள் என்றால் கதவு திறக்கும். இன்ன ஆக்கள் என்றால்… அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தார். வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலம், அத்தனை வெட்கத்துக்குள்ளும் அறிய வேண்டும் என்ற ஆசை கொஞ்சமும் குறையவில்லை. அவனுடைய சிரிப்பும் பிடித்திருந்தது, அவனுடைய கலங்கிய கண்ணும் பிடித்திருந்தது. ஆனாலும் அறிய வேண்டும்! இது என்ன மனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கும்போது வரி மாறி வாசித்துவிட்டார். சுவாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

மத்தியானம் வாசல் மணி அடித்ததும், "நீங்கள் போய்த் திறவுங்கோ அப்பா," என்றாள் துசியந்தி. கிறிஸ்துராஜா போய்க் கதவைத் திறந்தார். லக்‌ஷன் ஒரு கேக் பெட்டியும் பூங்கொத்துமாக, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு நின்றான்.

"வணக்கம் அங்கிள். நான் லக்‌ஷன்," என்று கையை நீட்டினான். முதன்முதலாகக் காண்பவனைப்போல.

"வாரும் தம்பி," என்று அவரும் முதன்முதலாகக் காண்பவரைப்போலக் கையைக் கொடுத்தார். பொடியன் கை வியர்த்திருந்தது. தன் கையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். றோஸ்மலருக்கு வந்த நிமிடத்திலேயே அவனைப் பிடித்துவிட்டது. சுவிஸ் குளிரைப் பற்றியும் கணவாய்ப் பிரட்டலைப் பற்றியும் கதை தொடங்கிவிட்டாள். கிறிஸ்துராஜா அங்கே இருக்க முடியாமல், தண்ணீர் எடுக்கிற சாட்டில் குசினிக்குள் நழுவினார்.

துசியந்தி சோற்றைப் பெரிய கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டியை வைத்துவிட்டு வந்து அவர் தோளில் தாடையை வைத்தாள்.

"தாங்ஸ் அப்பா."

"என்னத்துக்கு?"

"கேக்கேல்லைத்தானே. நான் இத்தனை நாளாப் பயந்துகொண்டு இருந்தனான். வாசல்லை வைச்சே கேட்டுப்போடுவியளோ எண்டு. இண்டைக்குப் பின்னேரம் அண்ணாவுக்குப் போன் பண்ணிச் சொல்லப்போறன், அப்பா கேக்கேல்லை எண்டு. அவன் நம்பமாட்டான். ஆனால் நான் சொன்னால் ஈஸ்டருக்கு வருவான்."

அப்படியானால் பொடியன் சொல்லவில்லை. மூன்று நாளாக வாயே திறக்கவில்லை. கிறிஸ்துராஜாவுக்கு இப்போது எல்லாம் விளங்கியது. பேசாமல் இருந்தால் போதும். மகள் இருப்பாள், மகன் வருவான், ஈஸ்டருக்கு வீடு நிறைந்திருக்கும். ஒரு வார்த்தையும் பேசத் தேவையில்லை. தண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு போனால் சரி.

அவர் போத்தலை எடுத்தார். திரும்பக் கீழே வைத்தார்.

"கேட்டனான் பிள்ளை."

"என்ன?"

"வியாழக்கிழமை அங்கை போய்க் கேட்டனான். ஆளை மாறிப்போய் அவரிட்டையே கேட்டுப்போட்டன். வேறை ஆள் எண்டு நினைச்சு. வேறை ஆளெண்டாலும் கேட்டதுதானே, பிழை பிழைதான்."

துசியந்தி அவர் தோளிலிருந்து விலகினாள். அடுப்பை நிறுத்தினாள். முன்னறையில் றோஸ்மலர் எதற்கோ பெரிதாகச் சிரித்தாள்.

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. என்ன மறுமொழி சொன்னால் கதவு திறப்பியள் எண்டு திருப்பிக் கேட்டவர்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"படம் பாக்கப் போயிட்டன்."

வேறு நேரமென்றால் அவள் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது சிரிக்கவில்லை. கைகளைத் துடைத்தாள். பிறகு தகப்பனை நேரே பார்த்தாள்.

"நான் சொல்லட்டே?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை. "எனக்குத் தெரியும். பழகத் தொடங்கின உடனை அவனே சொன்னவன், நான் கேக்காமலே. அவன் சொன்ன முகத்தை நீங்கள் பாத்திருக்கவேணும் அப்பா. சொல்லட்டே? ஒரு சொல்லுத்தான்."

ஒரு சொல். இத்தனை நாளும் நித்திரையைத் தின்ற அந்தச் சொல், இதோ மகளின் வாயில் இருக்கிறது. 'சொல்லு' என்றால் அடுத்த மூச்சில் வந்துவிடும். கிறிஸ்துராஜாவுக்குக் காது இரண்டும் கூர்ந்தன. தன்னை மறந்து ஒரு அடி முன்னுக்கும் வைத்துவிட்டார். வைத்த காலைக் குனிந்து பார்த்தார்.

"வேண்டாம்," என்றார். "சொல்லாதை பிள்ளை."

"ஏன்? அறியத்தானே போனனீங்கள்?"

"ஓம். இப்பவும் அறிய ஆசைதான், பொய் சொல்லேல்லை. ஆனால் நீ சொன்னால், நான் என்ன மனிசன் எண்டு எனக்குத் தெரிஞ்சுபோயிடும். எனக்குப் பயமாக் கிடக்கு."

துசியந்தியின் கண்கள் நிறைந்தன. அது கோபமா, இரக்கமா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். புறங்கையால் கண்ணைத் துடைத்துவிட்டு, சோற்றுக் கிண்ணத்தைத் தூக்கி அவர் கைகளில் வைத்தாள்.

"அண்ணாவுக்கு நான் போன் பண்ணமாட்டன். நீங்களே பண்ணுங்கோ. இப்ப எனக்குச் சொன்னமாதிரியே அவனுக்கும் சொல்லுங்கோ, முழுக்க," என்றாள். "முதல்லை இதைக் கொண்டுபோய் வையுங்கோ. சோறு ஆறுது."

கிறிஸ்துராஜா கிண்ணத்தோடு முன்னறைக்குள் போனார். அவர் முகத்தைக் கண்டதும் லக்‌ஷன் கதையை நிறுத்திவிட்டு எழுந்தான். ஓடிவந்து கிண்ணத்தைத் தான் வாங்கப்போனான்.

"இரும் தம்பி," என்றார் கிறிஸ்துராஜா. "நான் போடுறன்."

லக்‌ஷன் திரும்பக் கதிரையில் இருந்தான். கரண்டியிலிருந்து மேசை விரிப்பில் கொஞ்சம் சிந்தியது. முதல் தட்டு அவனுடையதாக இருந்தது.

"காணும் அங்கிள், போதும்," என்றான் லக்‌ஷன்.

"காணாது," என்று கிறிஸ்துராஜா இன்னும் ஒரு கரண்டி போட்டார்.